நல்ல தண்ணீருக்குக் கீழே

இன்னும் எத்தனை அடி இறக்கலாம் என்று நம்பிக் கேட்கிற மனிதரிடம் ‘எனக்குத் தெரியாது’ என்று சொல்வது நேர்மையா, அல்லது ஒளிந்துகொள்வதற்கு அது ஒரு வழியா? சென்ற மாசி மாதம் ஒரு முற்பகலில், கடத்தூருக்கு வடக்கே மாதையன் அண்ணனுடைய காட்டில் நின்றுகொண்டு இந்தக் கேள்வியை எனக்குள் கேட்டுக்கொண்டேன். அவருடைய நிலம் எங்கள் நிலத்தை ஒட்டியது. மரவள்ளி வாடிக்கொண்டிருந்தது. போர் வண்டி விடிந்ததிலிருந்து ஓடியதில் வேப்பமரம், வரப்பு, வேடிக்கை பார்க்க வந்தவர்களின் புருவம் எல்லாவற்றின் மீதும் கல்மாவு வெள்ளையாகப் படிந்திருந்தது. எண்ணூறு அடி தாண்டியும் ஈரத்தின் வாசனை வரவில்லை.

“தம்பி, நீங்க கடலுக்கு நடுவுல நின்னு தண்ணி எடுத்துக் குடுத்தவரு. சொல்லுங்க, இன்னொரு நூறு எறக்கலாமா, ராடைக் கழட்டிரச் சொல்லலாமா?” என்றார் அண்ணன்.

நான் பதில் சொல்வதற்குள் வண்டிக்காரர் சிரித்தபடி குறுக்கிட்டார். “இதுக்கு மேல எறக்குனா அந்தப் பக்கம் ஓட்டை போட்டு எவனோ ஒருத்தன் ஊட்டுக்குள்ள போயிருமுங்கண்ணா. அவன் வந்து சண்டைக்கு நிப்பான்.”

எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பள்ளிக்கூடத்து உலக உருண்டையில் தர்மபுரியின் மேல் ஒரு விரலை வைத்து, நேர் எதிர்ப்புறத்தில் மற்றொரு விரலை வைத்தால், அந்த விரல் பசிபிக் கடலில்தான் படும். அங்கிருந்து மேற்கே தள்ளி, தாள் வரைபடத்தில் ஈ உட்கார்ந்த கறை போலச் சில புள்ளிகள் இருக்கும். அவற்றில் ஒன்றில் இரண்டு ஆண்டுகள் வேலை பார்த்தேன். அங்கே ஒருவருடைய வீட்டுக்குள் போய் ஓட்டை போட்டவன் நான்தான். அவர் இன்றுவரை என்னோடு சண்டைக்கு நிற்கவில்லை.

“தெரியலைங்கண்ணா” என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். அவர் முகம் வாடியதைப் பார்த்தேன். பிற்பகலில் தொள்ளாயிரத்துச் சொச்சம் அடியில் அவருக்குத் தண்ணீர் கிடைத்தது. அதில் என் பங்கு எதுவும் இல்லை.

நான் சேலத்தில் சிவில் படித்தவன். படித்து முடித்ததும் புதுச்சேரியைச் சேர்ந்த ஓர் ஒப்பந்தக்காரர் மூலம் பிரெஞ்சுப் பொலினீசியாவுக்குப் போனேன். அவரை நாங்கள் அந்துவான் சார் என்போம். பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள புதுச்சேரித் தமிழர். கடல்நீரைக் குடிநீராக்கும் இயந்திரங்களைச் சின்னச் சின்னத் தீவுகளில் பொருத்திப் பராமரிப்பது அவருடைய தொழில். என்னை எதற்காகத் தேர்ந்தெடுத்தார் என்று பின்னாளில் கேட்டேன். “தர்மபுரிக்காரன்னா தண்ணியோட அருமை தெரியும்னு நெனச்சேன்பா. அப்புறம் உன் பல்லைப் பாத்தேன், உறுதியாயிடுச்சு” என்றார். எங்கள் நிலத்தடி நீரில் இருக்கும் புளோரைடு என் முன்பற்களில் காவிக்கறையாகத் தங்கியிருக்கிறது. பட்டம் அச்சிட்ட தாளைவிட அது அவருக்கு நம்பகமான சான்றாக இருந்திருக்கிறது.

நான் வேலை பார்த்த தீவின் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. ஒரு பெரிய நீலக் காயலைச் சுற்றி மாலையாகக் கிடக்கும் மணல் திட்டுகளில் அதுவும் ஒன்று. நடுவில் நின்று கல்லெறிந்தால் இருபுறமும் தண்ணீரில் விழும் என்று சொல்ல ஆசைதான்; உண்மையில் குறுக்கே நடக்கப் பத்து நிமிடம் ஆகும். தீவு முழுவதும் ஐரோப்பாவிலிருந்த ஒருவருடைய கையில் இருந்தது. அவர் ஆண்டுக்கு ஒருமுறை வருவார். மற்ற நாட்களில் ஏதேனும் ஒரு செல்வந்தக் குடும்பம் ஒரு வாரத்துக்குத் தீவையே வாடகைக்கு எடுத்துக்கொள்ளும். அவர்கள் மணலில் படுத்திருப்பார்கள். நாங்கள் அவர்கள் கண்ணில் படாத பாதைகளில் நடப்போம். அந்தப் பாதைகளுக்கு இரண்டு பக்கமும் செடி வளர்த்து மறைத்திருந்தார்கள். இரண்டு ஆண்டுகள் ஒரு செடிக்குப் பின்னால் வாழ்ந்தேன் என்றுகூடச் சொல்லலாம்.

போய் இறங்கிய முதல் நாள் படகுத்துறையில் யாரோ “தேவா, தேவா” என்று கூப்பிட்டார்கள். இவ்வளவு தூரத்தில் ஒரு தமிழரா என்று பூரித்துப்போய்த் திரும்பினேன். தோளில் மீன் உருவங்களைப் பச்சைகுத்தியிருந்த, என்னைப்போல இரண்டு மடங்கு அகலமான ஒருவர் கயிற்றைச் சுற்றிக்கொண்டிருந்தார். அங்கே அது சாதாரணமான பெயர். தேவாதான் தீவின் படகோட்டி. அவருடைய மனைவி லூசி தீவின் துணி வெளுக்கும் கூடத்தில் வேலை பார்த்தார். இருவரும் இருபது நிமிடப் படகுத் தொலைவில் இருந்த கிராமத் திட்டிலிருந்து காலையில் வந்து மாலையில் திரும்புவார்கள்.

அந்த ஊரில் பிள்ளை பெற்ற எந்தப் பெண்ணையும் மரியாதையாக அழைக்கும் சொல் ‘மாமா’. எனக்கு அது பெரிய இடைஞ்சலாக இருந்தது. நாற்பது வயதுப் பெண்மணியை, காதில் வெள்ளைப் பூவைச் செருகிக்கொண்டு நிற்பவரை, எப்படி வாய்கூசாமல் மாமா என்று அழைப்பது? முதல் மாதம் முழுவதும் பெயரே சொல்லாமல் சமாளித்தேன். பிறகு ஒருநாள் காரணத்தைச் சொன்னேன். லூசி சலவைக் கூடையைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். அதற்குப் பிறகு என்னைப் பார்க்கும்போதெல்லாம் இல்லாத மீசையை முறுக்குவதுபோல ஒரு சைகை செய்வார்.

அவர்கள் பேசியது தஹித்தி மொழியும் பிரெஞ்சும் கலந்த ஒன்று. எனக்குத் தெரிந்த பிரெஞ்சு, விமானத்தில் படித்தது. ஆயினும் அவர்கள் சொன்னதையெல்லாம் என் மனம் எங்கள் ஊர்ப் பேச்சாகவே சேர்த்து வைத்திருக்கிறது. அதைப் பிரித்து எடுக்க எனக்குத் தெரியவில்லை, அப்படியே எழுதுகிறேன்.

எங்களை நெருங்கவைத்தது ஞாயிற்றுக்கிழமைப் பூசை. எங்கள் குடும்பம் கத்தோலிக்கக் குடும்பம். நிலத்தில் பாடுபட்டு, பிள்ளைகளுக்குச் சம்மனசுகளின் பெயர்வைத்து வளர்த்த குடும்பம். கிராமத் திட்டில் பவழக்கல்லைச் சுட்ட சுண்ணாம்பால் கட்டிய ஒரு சின்னக் கோயில் இருந்தது. அங்கே நான் முதன்முறை சிலுவை அடையாளம் இட்டபோது முன்வரிசையிலிருந்து கடைசி வரிசைவரை திரும்பிப் பார்த்தார்கள். இந்தியாவில் எங்களவர்கள் இருப்பதை யாரும் அவர்களுக்குச் சொல்லியிருக்கவில்லை. பூசை முடிந்ததும் லூசி என் முழங்கையைப் பிடித்து வெளியே அழைத்து வந்தார். “நம்ம ஆளு” என்று எல்லோரிடமும் சொன்னார். தேங்காய்ப்பாலில் ஊறிய மீனும் அவித்த சேப்பங்கிழங்கும் கொடுத்தார்கள். கிழங்கைத் தொட்டுத் தின்னும்போது களியைப் பிட்டுக் குழம்பில் தோய்க்கும் விரலசைவு தானாக வந்தது. அதைப் பார்த்துவிட்டு லூசியின் மகள் மரேவா, அப்போது பத்து வயது, என்னைப் போலவே தின்று காட்டினாள்.

அந்தக் கிழங்கு வந்த இடத்தைப் பற்றித்தான் சொல்லவேண்டும். தனியார் தீவின் நடுவே, அங்கிருந்த பழைய கிணற்றிலிருந்து நூறு தப்படியில், லூசி குடும்பத்துக்கு ஒரு சேம்புக்குழி இருந்தது. எத்தனையோ தலைமுறைக்கு முன்னால் மணலைத் தோண்டி, நல்ல தண்ணீர் கசியும் மட்டத்தில் இலையும் தழையும் போட்டு மண் உண்டாக்கி வைத்த பள்ளம். மண்ணே இல்லாத ஊரில் மண்ணைச் செய்திருந்தார்கள். தீவு குத்தகைக்குப் போனபோது எல்லோருடைய உரிமையும் போயிற்று. லூசியின் தந்தை மட்டும் ஒரு வரி எழுதி வாங்கியிருந்தார். குழியில் பயிர் இருக்கும்வரை அந்தக் குடும்பம் தங்கள் விருப்பப்படி தீவுக்கு வரலாம். ஓராண்டு தொடர்ந்து பயிர் இல்லாமல் போனால் உரிமை முடிந்துவிடும். தீவின் நிர்வாகம் செய்த காரியத்தால் பயிர் அழிந்தால் மட்டும் உரிமை போகாது.

ஒரு கிழங்குக்காக இவ்வளவு ஏற்பாடா என்று நான் வியந்தது உண்டு. லூசி ஒருநாள் என்னைக் குழியின் ஓரத்துக்கு அழைத்துப்போய் நான்கு தென்னைகளைக் காட்டினார். ஒவ்வொரு பிள்ளை பிறந்ததும் நஞ்சுக்கொடியைப் புதைத்து அதன்மேல் வைத்த தென்னை. அவர்கள் மொழியில் நிலத்துக்குப் பெயர் ஃபெனுவா. நஞ்சுக்கொடியின் பெயரும் அந்தச் சொல்லிலிருந்தே வருகிறது. “இது மரேவா” என்று ஒரு மரத்தைத் தட்டினார். “இந்தக் குள்ளன் என் தம்பி. ஒழுங்காக் காய்க்காத சோம்பேறி. அங்க சாய்ஞ்சு நிக்கிறது நானு.” எங்கள் ஊரிலும் கொடியைப் புதைப்பார்கள். ஆனால் எனக்கு உரியது எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. அந்த இடத்தின்மேல் ஒரு கழிவறை கட்டியிருக்கிறோம் என்று என் அத்தை ஒருமுறை சொன்னதாக நினைவு. இதை லூசியிடம் சொல்லவில்லை.

கடல் பக்கத்துக் கரையில் செத்தவர்கள் நடமாடுவார்கள் என்று தேவா விருந்தாளிகளிடம் கதை சொல்வார். அவர்களுக்கு அது பிடிக்கும். நான் கேட்டபோது, “நடப்பாங்கதான். நம்மள ஒண்ணும் பண்ண மாட்டாங்க. கொடி பொதச்ச எடத்துல யாரு தொந்தரவு பண்றாங்களோ அவங்களத்தான் பாத்துக்கிட்டே இருப்பாங்க” என்றார். மோட்டாரை முடுக்கிக்கொண்டே சாதாரணமாகச் சொன்னார்.

முதல் ஆண்டு முடிவதற்குள் மழை தவறியது. அந்த வறட்சியின் நடுவே குடிநீர் இயந்திரத்தில் உப்பை வடிகட்டும் சவ்வு கிழிந்தது. மாற்றுச் சவ்வு கப்பலில் வர ஆறு வாரம் ஆகும் என்றார்கள். இருபது பேர் கொண்ட ஒரு குடும்பம் வந்து இறங்கியிருந்தது. நீச்சல்குளம், நாளுக்கு மூன்று குளியல், புல்தரைக்குத் தெளிப்பான். எல்லாச் சுமையும் அந்தப் பழைய கிணற்றின்மேல் விழுந்தது.

அந்தக் கிணற்றில் ஒரு வினோதமான ஏற்பாடு இருந்தது. உறிஞ்சுகுழாயின் வாயை ஓர் ஆரஞ்சு நிற மீன்வலை மிதவையில் கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். தண்ணீர் மட்டம் எங்கே இருந்தாலும் குழாய் ஒரு சாண் ஆழத்தில்தான் நிற்கும். மேலாக மட்டும் உறிஞ்சும். வேகமாக இறைத்தால் காற்றை இழுத்து நின்றுவிடும். முதல் நாள் பார்த்தபோதே எனக்கு அது சோம்பேறித்தனமான வேலையாகப் பட்டது. ஆழத்தில் தண்ணீர் இருக்க, மேலே நக்கிக்கொண்டிருப்பானேன்?

தேவாவிடம் மிதவையை அவிழ்க்கலாமா என்று கேட்டேன். பீப்பாய்களை இறக்கிக்கொண்டிருந்த அவர் தலையசைத்தார். “வேணாம். மேல இருக்கிறது பாப்பே. கீழ மீத்தி.” பாப்பே என்றால் நல்ல தண்ணீர். மீத்தி என்றால் உப்புத்தண்ணீர். அந்தச் சொற்கள் எனக்கு நன்றாகவே புரிந்தன. புரிந்ததுதான் வினை.

நீங்கள் எங்கள் பக்கம் வந்திருந்தால் தெரிந்திருக்கும். எங்கள் ஒவ்வொரு வீட்டிலும் இரண்டு தண்ணீர் உண்டு. குழாயில் வருவது நல்ல தண்ணி. போரில் வருவது உப்புத்தண்ணி. உப்புத்தண்ணியில் குளிப்போம், பாத்திரம் துலக்குவோம், மாட்டுக்குக் காட்டுவோம், மரவள்ளிக்குப் பாய்ச்சுவோம். சோப்பு நுரைக்காது, பருப்பு வேகாது, வாளியில் வெள்ளை படியும். அவ்வளவுதான். உப்புத்தண்ணி என்பது எங்களுக்குத் தண்ணீரில் ஓர் இரண்டாந்தரம். தேவா கடல் என்று சொன்னார். நான் கடத்தூரைக் கேட்டேன். செடி குடிக்காத தண்ணீர் ஒன்று மண்ணுக்குக் கீழே இருக்கமுடியும் என்பது, பொறியியல் படித்த என் அறிவுக்குத் தெரியும். என் காதுக்குத் தெரியவில்லை. முடிவெடுத்தது காதுதான்.

அந்துவான் சார் தலைநகரிலிருந்து தொலைபேசியில் கேட்டார். “என்னாப்பா பண்ணப் போற? கஸ்டமர் கத்துறான்.”

“எறக்கிப் பாக்கறேங்க சார்” என்றேன்.

அந்தச் சொல்லை யோசித்துச் சொல்லவில்லை. எங்கள் ஊரில் தண்ணீர் நின்றுபோனால் வாயில் வரும் முதல் சொல் அது. மிதவையை அவிழ்த்துப் பம்புக் கொட்டகையின் பின்னால் போட்டேன். கிணற்றின் அடிமணலுக்குள் துளையிட்ட குழாய் ஒன்றை இரண்டு மீட்டர் அடித்து இறக்கினேன். மோட்டாரைப் போட்டதும் தண்ணீர் தெளிவாக, முழுக் குழாயாகக் கொட்டியது. பதினொரு நாள் அப்படிக் கொட்டியது. அந்துவான் சார் என்னைப் பாராட்டினார். நான் வீட்டுக்குத் தொலைபேசியில் பெருமையடித்துக்கொண்டேன்.

பவழத் தீவின் நல்ல தண்ணீர் ஒரு மெல்லிய ஏடு. குழம்பின்மேல் எண்ணெய் நிற்பதுபோல, மழைநீர் கடல்நீரின்மேல் மிதந்துகொண்டிருக்கும். அதன் நடுவில் ஆழமாக உறிஞ்சினால் ஏடு கிழிந்து, கீழிருக்கும் கடல் அந்தக் கிழிசல் வழியாக மேலே ஏறிவரும். சுற்றிலும் நூறு தப்படி, இருநூறு தப்படிவரை ஏறும். பன்னிரண்டாம் நாள் தேநீரில் ஏதோ ஒரு சுவை. இருபதாம் நாள் தேநீரைத் துப்பினேன். அன்று பிற்பகல் சேம்புக்குழியைப் போய்ப் பார்த்தேன். யானைக் காது போன்ற அந்த இலைகளின் விளிம்பு, தீயில் காட்டியதுபோலக் கருகிச் சுருண்டிருந்தது. நான்கு தென்னைகளும் ஒன்றும் ஆகாமல் நின்றன. தென்னை உப்பைத் தாங்கும். அவை நான்கும் என்னைப் பார்த்தபடி நின்றன என்று இப்போது தோன்றுகிறது. அன்று தோன்றியதா என்று உறுதியாகச் சொல்லமுடியவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வெளியே வந்தபோது லூசி கோயில் சுவரின் நிழலில் காத்திருந்தார். மீசை முறுக்கவில்லை.

“கெணத்துல நீ ஏதாவது பண்ணினியா?” என்று கேட்டார்.

நான் நற்கருணை வாங்கி ஐந்து நிமிடம்கூட ஆகியிருக்கவில்லை.

“இல்லைங்க. மழை இல்லாததுதான் காரணம்” என்றேன்.

“அப்படியா. நான்கூட எனக்குத்தான் கை தப்பிப்போச்சோன்னு நெனச்சேன். தழை பத்தாமப் போட்டுட்டனோன்னு” என்றார்.

அதற்கு அடுத்த மாதங்களில் அவர் பட்ட பாட்டை நான் சலவைக்கூடத்துக்கு எதிரே இருந்த கொட்டகையிலிருந்து பார்த்தேன். சவ்வு வந்தது, கிணற்றுப் பம்பை நிறுத்தினோம், நல்ல தண்ணீரின் ஏடு மறுபடி சேர ஆண்டுகள் ஆகும் என்பதைப் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொண்டேன். லூசிக்கு அது தெரியாது. வேலைநேரம் முடிந்ததும் பாதி அழுகிய இலைகளைச் சாக்கில் கட்டிச் சுமந்து வந்து குழியில் கொட்டுவார். கிராமத் திட்டிலிருந்து புதுக் கன்றுகள் கொண்டுவந்து மூன்று முறை நட்டார். மூன்றும் கருகின. ஒவ்வொரு முறையும் குழியின் கசிவைக் கையில் அள்ளி நாக்கில் வைத்துப் பார்த்துத் துப்புவார். ஒருநாள் நானும் மண்வெட்டியோடு போய் உதவினேன். “நம்ம ஆளு” என்று தேவாவிடம் சொன்னார். அதைவிட என்னை அவர் அடித்திருக்கலாம்.

கொட்டகைக்குப் பின்னால் கிடந்த ஆரஞ்சு மிதவை ஒருநாள் காணாமல் போயிருந்தது. அன்று மாலை தேவாவின் படகில், கயிற்றுக்குவியலுக்கு அடியில் அதன் நிறம் தெரிந்தது. நான் பார்த்ததைக் கண்டு அவர் மோட்டாரை முடுக்கினார்.

ஓராண்டு முடியும் தறுவாயில் தீவின் மேலாளர் என்னை அழைத்தார். மென்மையாகப் பேசும், கதவைத் தாமே திறந்துவிடும் மனிதர். குழியில் பயிர் ஏன் போயிற்று என்று ஒரு பக்க அறிக்கை வேண்டும் என்றார். “நீங்கதான் நிபுணர். நீங்க எழுதுறத யாரும் மறுக்க மாட்டாங்க” என்றார். அவருக்கு எவ்வளவு தெரியும் என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

உண்மையைச் சொன்னால் யாருக்கு என்ன ஆகும் என்று ஒரு தாளில் எழுதிப்பார்த்தேன். விளைவுகளை எண்ணிப்பார்க்காமல் எதையும் செய்யக்கூடாது என்பது கல்லூரி நாளிலிருந்து என் கொள்கை. நண்பர்கள் கேலி செய்யும் அளவுக்கு அதைக் கடைப்பிடித்தவன். இடப்பக்கம் அந்துவான் சாரின் ஒப்பந்தம், அவரை நம்பிப் பக்கத்துத் தீவுகளில் இருந்த நான்கு தமிழர்கள், அவர்களுடைய விசா, என்னுடைய பெயர். வலப்பக்கம் ‘ஒரு சேம்புக்குழி’ என்று எழுதினேன். இடப்பக்கம் மனிதர்களையும் வலப்பக்கம் குழியையும் எழுதியவன் அப்போதே தீர்ப்பை எழுதிவிட்டான். மழைக்குறைவும் கடற்கொந்தளிப்பும் காரணம் என்று அறிக்கை கொடுத்தேன். கையெழுத்துக்குக் கீழே என் பட்டத்தையும் எழுதினேன்.

உரிமை முடிந்தது என்று கடிதம் வந்தது. லூசி வேலையை விட்டுவிட்டார். சில வாரங்களில் என் ஒப்பந்தமும் முடிந்தது. அந்தத் தீவுகளில் வருகிறவர்களுக்குப் பூமாலை போடுவார்கள். போகிறவர்களுக்குச் சிப்பி மாலை. கிராமத் திட்டின் சின்ன விமானத்தளத்துக்கு லூசி வந்திருந்தார். மரேவா கோத்த மூன்று மாலைகளை என் கழுத்தில் போட்டார். இரண்டு கன்னத்திலும் முத்தமிட்டார். “ஊட்டுக்குப் போயி நல்லா இரு” என்றார். தெரிந்து சொன்னாரா, தெரியாமல் சொன்னாரா என்பதை நான் ஒன்பது ஆண்டுகளாக யோசித்திருக்கிறேன். தெரிந்தால் ஏன் வந்தார். தெரியாவிட்டால் ஏன் என் கண்ணைப் பார்க்கவில்லை.

திரும்பி வந்து ஒரு சிறு தொண்டு அமைப்பில் சேர்ந்தேன். நல்லம்பள்ளியிலிருந்து அரூர்வரை பள்ளிக்கூடங்களின் குடிநீரைச் சோதித்துச் சொல்வது வேலை. அறிக்கையில் ஒரு புள்ளிகூட மாற்றமாட்டார் என்று எனக்கு ஒரு பெயர் உண்டு. ஒரு தலைமையாசிரியர் கூட்டத்தில் என்னைப் பாராட்டியே பேசினார். அன்று மதியச் சாப்பாட்டுக்கு நிற்காமல் கிளம்பி வந்துவிட்டேன். யார் வீட்டில் தண்ணீர் கொடுத்தாலும் முதல் மிடறை நாக்கில் நிறுத்திப் பார்த்துவிட்டுத்தான் விழுங்குகிறேன். என் மனைவி இதைத் தொழில் பழக்கம் என்று நினைக்கிறாள். சில சமயம், நல்ல காவிரித் தண்ணீரிலேயே, கருகிய இலையின் சுவை வருகிறது.

மாதையன் அண்ணனிடம் தெரியாது என்று சொல்லிவிட்டு வந்த அன்றைக்குத்தான், எனக்குத் தெரிந்த ஒன்றை யாரிடம் சொல்லாமல் வைத்திருக்கிறேன் என்பது உறைத்தது. அகராதியை வைத்துக்கொண்டு நான்கு நாள் உட்கார்ந்து பிரெஞ்சில் இரண்டு பக்கம் எழுதினேன். மிதவையை அவிழ்த்தது, குழாயை இறக்கியது, கோயில் வாசலில் சொன்ன பொய், அறிக்கையில் எழுதிய பொய், எல்லாவற்றையும் எழுதிக் கையெழுத்திட்டு, கிராம மன்றத்துக்கு ஒரு படியும் லூசிக்கு ஒரு படியும் அனுப்பினேன். நான் தமிழில் யோசித்த மன்னிப்புக்கு அந்த அகராதியில் சரியான சொல் இல்லை. அதனால் மன்னிப்பு கேட்கும் வரியை நீக்கிவிட்டு, நடந்ததை மட்டும் அனுப்பினேன்.

புரட்டாசியில் ஒரு குரல்செய்தி வந்தது. மரேவா பேசினாள். வளர்ந்த பெண்ணின் குரல். கடிதத்தைப் பூசை முடிந்ததும் எல்லோர் முன்னிலையிலும் படித்தார்களாம். தீவு இரண்டு கை மாறி இப்போது வேறு ஒருவரிடம் இருக்கிறதாம். மன்றம் கடிதத்தை வைத்து அவரிடம் பேசியிருக்கிறது. அம்மாவும் அப்பாவும் கிராமத்தை விட்டுத் தலைநகருக்குப் போய்விட்டார்கள். அம்மா ஒரு பள்ளிச் சமையற்கூடத்தில் வேலை செய்கிறாள். பின்னால் யாரோ பெண் குரலில் ஏதோ சொல்வது கேட்டது. மரேவா சற்று நிறுத்தி, “அம்மா ஒண்ணு கேக்கச் சொல்றா” என்றாள். “ரெண்டு பக்கம் எழுத ஒம்பது வருஷமா ஆகும்னு கேக்கறா.”

அதற்கு நான் இன்னும் பதில் அனுப்பவில்லை. அனுப்பத் தொடங்கியவற்றை அழித்துவிட்டேன்.

ஐப்பசிக் கடைசியில் மரேவாவிடமிருந்து இன்னொரு செய்தி வந்தது. இப்போதுள்ள ஏற்பாடு இதுதான். ஆண்டுக்கு ஒரு நாள், நவம்பர் முதல் தேதி வரும் சகல புனிதர்களின் திருநாளன்று, அந்தக் குடும்பத்தார் படகுத்துறையில் பார்வையாளர் புத்தகத்தில் பெயரெழுதிவிட்டுத் தீவுக்குள் போகலாம். மாலைக்குள் திரும்பிவிட வேண்டும். குழியைத் தூர்த்து மேலே புல் வைத்துவிட்டார்கள். தென்னைகளில் இரண்டை வெட்டிவிட்டார்கள். எந்த இரண்டு என்று மரேவா சொல்லவில்லை. முதல் திருநாளுக்கு அவளும் அவள் மாமனும் போய் வந்தார்கள். லூசி போகவில்லை.